ஐந்தரைக் கட்டை

பனங்கற்கண்டும் மிளகும் சேர்த்து இடிக்கிற வாசனை வந்தால், எங்கள் வில்லாபுரத்து வீட்டில் பெரியம்மா பாடப்போகிறார் என்று அர்த்தம். என் அம்மாவின் அக்காவான அவர், எழுபதுகளில் மதுரையைச் சுற்றிய திருவிழா நாடகங்களில் பேர்பெற்ற "ஸ்திரீபார்ட்", அதாவது பாடி நடிக்கும் கதாநாயகி. மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடி வளர்ந்தவர் என்பதால், அந்தக் கட்டையைச் சொல்லித்தான் ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நாங்கள் சாப்பிட்டதும் நான் படித்ததும் அந்தக் குரலில்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது உச்ச சுரங்களில் அவர் குரல் உடையத் தொடங்கியது. ஆர்மோனியம் வாசித்த பக்கத்துத் தெரு அண்ணன், "ஒண்ணு இறக்கி வாசிக்கிறேங்க்கா. கருப்புக்குக் கருப்பு, எவனுக்குத் தெரியப்போகுது" என்று வழி சொன்னார். ஐந்தரையும் நாலரையும் அடுத்தடுத்த கருப்புக் கட்டைகள். விரல் நகர்ந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. என் காதுக்குப் பட்டது. அந்தக் காதைப் பற்றி எனக்கு அளவில்லாத பெருமை. யாரிடமாவது காட்டிவிடத் துடித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனித் திருவிழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து நான்கு பேர் வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்தார்கள். அந்த ஊர் மேடை ஏறியவரைத்தான் மற்ற ஊர்களும் அந்த வருடம் அழைக்கும். குரல் போய்விட்டதாக யாரோ கிளப்பிவிட்டிருந்ததால், ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுத் தாம்பூலம் மாற்றி நாடகத்தை உறுதி செய்யலாம் என்றார்கள். அண்ணன் ஆர்மோனியம் வாசிக்க, பெரியம்மா பாடினார், நன்றாகவே பாடினார். அவர்களில் மூத்தவர், "அஞ்சரை அப்பிடியே நிக்குதே தாயி" என்று தாம்பாளத்தை நீட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். "இது நாலரை. அஞ்சரை இங்கன இருக்கு" என்று துருத்தியைத் தள்ளி அடுத்த கருப்பை அழுத்தினேன்.

அதிலும் ஒரு வரி பாடும்படி அந்தப் பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரியம்மா தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்; பாதி வரியில் குரல் பிசிறி நின்றது. "கோவிச்சுக்கிராதீக தாயி, ஊர்ல கலந்துக்கிட்டு வாரோம்" என்று தாம்பாளத்தோடு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை.

"ஏண்டா மாப்ள, ஒனக்கு வாய் எம்புட்டு நீளம்" என்று என்மேல் பாய்ந்த அண்ணனைப் பெரியம்மாதான் தடுத்தார். "விடுப்பா. அவன் காதுல என்ன தப்பு?"

அதற்குப்பின் பாட்டில்லாத தாய் வேஷங்கள்தான் அவருக்குக் கிடைத்தன, அவையும் எப்போதாவது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க பயலுக்கு அம்புட்டுச் சுத்தமான காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் புகழ்ச்சியைக் கூசாமல் வாங்கிக்கொண்டேன். அவர் உயிரோடிருந்தவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அறியாத வயது என்று நான் தப்ப முடியாது. எந்தக் கட்டையில் அவர் குரல் உடையும் என்று தெரிந்துதான் அதை அழுத்தினேன்.

இப்போது மேடையில் சுருதிப் பெட்டியின் குமிழை எல்லோர் கண்முன்னும் திருகி இறக்கிக்கொள்கிறார்கள். கட்டையைக் கேட்டு அழைக்கும் ஊர்க்காரர்களும் இல்லை, என்ன கட்டை என்று விசாரிப்பவர்களே அபூர்வம். போன மாதம் விளாங்குடிக் கோயில் விழாவில், நடுவயது கடந்த ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் கேட்டார்.

"அண்ணே, என்ன கட்டை பாடுது?"

நாலரை. சந்தேகமே இல்லை.

"அஞ்சரை" என்றேன்.