பெடலை விடும் சத்தத்துக்கு ஆதாரம் இல்லை

பாரூக் நானா போய்விட்டார். கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் டைல்ஸ் கடை வைத்திருந்த பாரூக் நானா...

காலையில் அவருடைய மகன் கோல் எடுத்துச் சொன்னான், பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று. லீவு போட்டுவிட்டு ஓடினேன். இப்போது வீட்டுக்கு வந்து, சாப்பிடவும் பிடிக்காமல் ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பழக்கம் கடையில் வந்ததில்லை. இணையத்தில், யாரும் எழுதலாம் என்றிருக்கிற தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் வந்தது.

அங்கே 'நொக்டர்ன்' என்று ஒரு கட்டுரை. அந்தக் காலத்து ஐரோப்பாவில், இரவை நினைத்துப் பியானோவுக்கு மட்டும் என்று எழுதிய சின்னச் சின்ன இசை. மொத்தமே நாலு வரி. ஆதாரம் இல்லை, நீக்கப்படும் என்று மேலே அறிவிப்பு வேறு ஒட்டியிருந்தார்கள்.

அதைக் காப்பாற்ற வந்தது இந்த உலகத்திலேயே இரண்டு பேர். நானும், யாரென்றே தெரியாத இன்னொருவரும்.

மாதக்கணக்கில் எழுதினோம். உரையாடல் பக்கத்தில் மரியாதை தாங்க முடியாது. இசை தெரிந்த நீங்களே முடிவு செய்யுங்கள் என்று அவர் எழுதுவார். உங்களைப் போன்றவர் இருக்கும்போது நான் எப்படி என்று நான். பியானோவில் காலால் மிதிக்கிற பெடல் பற்றி அவர் எழுதிய பத்தியைப் பார்த்து, ஆள் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் பியானோவோடு இருப்பவர் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

பார்த்தால் ஆள் திகன. நான் கண்டியில் ஒரு ஒஃபிஸில் கிளார்க். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். உட்கார்ந்ததும் கேட்டார்.

"தம்பி, ஒங்க வீட்டு பியானோ பெரிசா, சின்னதா?"

நான் பியானோவைத் தொட்டதுகூட இல்லை. இதே கேள்வியை அவரிடம் கேட்கத்தான் வந்திருந்தேன்... இரண்டு பேருமே அந்த இசையை ஃபோனில் கேட்டதோடு சரி. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் டீயைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார்.

ஆனால் நானாவுக்கு அது பொறுக்கவில்லை. நேரில் கேட்காமல் இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்றார். அவர் கடை டைல்ஸ் போட்ட ஒரு சர்ச் ஹோலில் பழைய பியானோ இருந்தது. அங்கே வாசிக்கிற மிஸ்ஸிடம் சொல்லி ஒரு சனிக்கிழமை போனோம்.

ஈரத்தில் ஊறி ஒரு கட்டை அழுத்தினால் எழும்பவே இல்லை. மிஸ் அதை ஒவ்வொரு தடவையும் விரலால் தூக்கிவிட்டு வாசித்தார். நானா கதிரையில் உட்காரவில்லை, பியானோவோடு ஒட்டியே நின்றார். முடிந்ததும், இடது கையை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"பெடலை விடுற நேரம் கேட்டீங்களா தம்பி? மூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம். ஒரு புத்தகத்திலயும் இத எழுதல்லயே."

மறுநாளே அந்த ஒரு வரியைக் கட்டுரையில் சேர்த்தேன். பகலுக்குள் காணோம். நீக்கியது யார்? நானாவேதான். காரணம்: ஆதாரம் இல்லை.

எனக்கு வந்த கோபம்... கோல் எடுத்துக் கத்தினேன். நேற்று நம் காதால் கேட்டது என்ன பொய்யா என்று. அவர் சத்தம் போடவில்லை.

"கேட்டது நம்ம ரெண்டு பேருக்கும் போதும் தம்பி. கட்டுரைக்குப் புத்தகம் வேணும். நான் தேடி எடுத்து, நானே திருப்பிப் போடுறேன்."

கட்டுரை பிழைத்தது. ஒரு நாள் முதற்பக்கத்தில்கூட வந்தது. நானா மட்டும் அந்த வரியை விடவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பினாலும் சரி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் சரி, கூடவே ஒரு மெசேஜ் வரும். இன்னும் கிடைக்கல்ல தம்பி, என்று.

போன கிழமையும் வந்தது. அவசரமில்லை நானா என்று பதில் போட்டேன்.

நல்லபடியாகப் போங்கள் நானா. அந்த வரியைக் கட்டுரையில் அல்ல, இங்கே என் பதிவில் போடுகிறேன்.

பெடலை விடும்போது, பியானோ மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும்.

நீக்குவதென்றால் நீங்கள்தான் வர வேண்டும்.