ஆதாரமற்ற ஆறுதல்

அம்மா முதல் முறை தோற்றபோது வந்த அறிக்கை மூன்று பக்கம். பதினாறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் நோயாளியாக ஒரு நடிகர், மூலையில் மதிப்பெண் போடும் தேர்வாளர், எட்டு நிமிடம். பன்னிரண்டு அறைகளில் தேறினால்தான் இந்த நாட்டில் மருத்துவராக வேலை பார்க்கலாம். அம்மா பதினொன்றில் தேறியிருந்தார். தோற்ற ஐந்து அறைகளுக்கும் எதிரே ஒரே குறிப்பு: "நோயாளிக்கு ஆதாரமற்ற ஆறுதல் கூறினார்."

நோயைத் தவறாகக் கண்டுபிடிக்கவில்லை. மருந்தை மாற்றிச் சொல்லவில்லை. ஆறுதல் சொன்னார், தோற்றார்.

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, சரியாயிடும்னு சொல்லிட்டேனாம்."

"சொன்னியா?"

"சொல்லாம? அந்தப் பையன் நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அவன் நடிகன்மா. சம்பளத்துக்கு நடுங்குறான்."

"நல்லா நடுங்கினான்டி."

அம்மா பத்தொன்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் இருந்தவர். காலை ஒரு வேளைக்கு நூற்றிருபது பேர் வரிசையில் நிற்பார்கள். ஊசிக்கு முன் பஞ்சால் துடைப்பதுபோல, எதற்கும் முன்னால் ஒரு "ஒண்ணுமில்ல". அதற்குப் பிறகுதான் நாடி, நாக்கு, மற்றதெல்லாம். அப்பாவுக்கு இங்கே ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்து நாங்கள் வந்தபோது, அந்தப் பத்தொன்பது ஆண்டுகளும் சுங்கச் சோதனையிலேயே நின்றுவிட்டன.

எழுத்துத் தேர்வில் ஒரே முறையில் தேறினார். இந்த அறைத் தேர்வுக்கு இரண்டு வாய்ப்புகள் மட்டும். ஒன்று போய்விட்டது. இரண்டாவதும் போனால் எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று.

அதுவரைக்கும் என்று ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளும் வேலை. முதல் நாள் மேற்பார்வையாளர், என் வயதுப் பெண், ஒரு கத்தரியைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பேரு கத்தரி. கூரா இருக்கும், பாத்து" என்று இரண்டு தடவை சொன்னாளாம்.

"நீ என்னம்மா சொன்னே?"

"தேங்க்ஸ்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அதே கத்தரியால எத்தனை தொப்புள்கொடி வெட்டியிருக்கேன்னா சொல்லிக்கிட்டிருக்க முடியும்?"

என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. தராசு, அழுத்தமானி, வெப்பமானி. ஒரு கருவி எப்போதும் ஒரே பக்கமாகப் பிழை காட்டினால் அது நல்ல செய்தி. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது; திருத்திவிடலாம். அம்மாவின் பிழையும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஐந்து அறை, ஒரே காரணம். வார்த்தையை எடுத்துவிட்டால் முடிந்தது.

நான்கு மாதம். ஞாயிறு முழுக்கவும், மற்ற நாள்களில் அம்மா வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரமும். சமையலறைக் கடிகாரத்தில் எட்டு நிமிடம் வைப்பேன். கூடத்துக் கதவில் நோயாளியின் விவரத்தை ஒட்டுவேன். அம்மா படித்து, கதவைத் தட்டி, உள்ளே வருவார். நோயாளி அப்பா. பேச்செல்லாம் இந்த ஊர் மொழியில்தான் இருக்க வேண்டும்; கோபம் வந்தால் மூவருமே தமிழுக்கு வந்துவிடுவோம்.

"நெஞ்சு வலி எப்ப ஆரம்பிச்சது?"

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு."

"அப்பா! தாள்ல இருக்கிறதை மட்டும் சொல்லுங்க."

"தாள்ல 'நோயாளி பயந்திருக்கிறார்'னுதானேம்மா போட்டிருக்கு? நான் அன்னையிலேர்ந்தே பயந்துதான் இருக்கேன்."

அம்மா சிரித்துவிட்டு, அப்பாவின் தோளில் கைவைத்து, "ஒண்ணுமில்லங்க" என்பார். நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் ஒரு கோடு போடுவேன். முதல் ஞாயிறு பதினேழு கோடு.

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமாடி? நான் பாத்துக்கிறேன்னு அர்த்தம்."

"அது உனக்குத் தெரியும். தேர்வாளருக்குத் தெரியாது."

"அஞ்சுல வளையாததை அம்பதுல வளைக்கப் பாக்குறே."

"அம்பத்தொண்ணு. கடிகாரம் ஓடுது, ஆரம்பி."

என்னை 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். "இன்ஸ்பெக்டர் வர்றா, வாயை மூடுங்க." நான் எரிச்சல்பட்டேன். உண்மையில் அந்த நான்கு மாதமும் எரிச்சலோடுதான் இருந்தேன். இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரு சொல்லை விட முடியவில்லையே என்று.

இரண்டாம் மாதம் அம்மாவுக்கு நடுமுதுகில் வலி. குனியும்போது ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொள்வார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நாற்காலி சரியில்ல."

பயிற்சிக்கு அவர் உட்காரும் நாற்காலியின் உயரத்தை அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர் இறக்கினேன். அடுத்த வாரம் முதுகுக்கு ஒரு பலகை வைத்தேன். அதற்கடுத்து மட்டப்பலகை வைத்துத் தரையையே சோதித்தேன். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று அம்மா ஊசி குத்திக்கொண்டார். நின்றுகொண்டே செய்யும் வேலை, உடம்பு வற்றத்தானே செய்யும் என்றோம். அந்த "ஒண்ணுமில்ல"வுக்கு நான் கோடு போடவில்லை. பயிற்சி நேரத்துக்கு வெளியே சொன்னது கணக்கில் வராது.

நான்காம் மாதக் கடைசி ஞாயிறு, ஒரு கோடுகூட இல்லை. நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை. அப்பா மட்டும், "முன்னெல்லாம் உன்கிட்ட வந்தா பாதி நோய் போயிடும். இப்ப பில் கட்டணும் போல இருக்கு" என்றார். நான் அவரை முறைத்தேன்.

தேர்வு நாளன்று நான்தான் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தார். வண்டியில் ஏறி, செருப்பைக் கழற்றி, கால்களை நீட்டினார்.

"ஒன்பதாவது ரூம்ல சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அதைத்தான். தமிழ்லயே."

திருப்பப்போன சாவியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"அங்க ஒரு பொண்ணு. அவளோட அம்மா ஆபரேஷன் மேசையிலயே போயிட்டாங்க, அதை நான் அவகிட்ட சொல்லணும். அதான் அந்த ரூம். சொன்னேன், நீ சொல்லிக்குடுத்த மாதிரியே. அழ ஆரம்பிச்சா. நடிப்புக்கு அழுறவளுக்கு மூக்கு சிவக்காதுடி. இவளுக்குச் சிவந்துச்சு. கையைப் பிடிச்சு, 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல'ன்னுட்டேன்."

"அவளுக்கு ஒரு எழுத்தாவது புரிஞ்சிருக்குமா?"

"கையை விடலையே."

ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. பதினொன்று. அவ்வளவு திருத்தத்துக்கும் அசையாத முள்.

ஒன்பதாம் அறையில் "புரியாத மொழியில் பேசினார்" என்று இருந்தது. அதை நான் எதிர்பார்த்ததுதான். மற்ற நான்கு அறைகளைப் படித்துவிட்டு மறுபடி படித்தேன். "நோயாளியின் பயத்துக்கு மறுமொழி இல்லை." "பரிவு போதவில்லை." "நீண்ட மௌனம்." "பரிவு போதவில்லை."

என் அம்மாவுக்கு.

"பேசாம இருன்னு நான் எப்பம்மா சொன்னேன்?" என்று கத்தினேன். "அதுக்குப் பதிலா சொல்றதுக்கு ஆறு வாக்கியம் எழுதிக்குடுத்தேனே!"

"மனப்பாடம்தான்டி. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா முதல்ல அது வருது. அதை முழுங்கிட்டு அடுத்ததைத் தேடறதுக்குள்ள மணி அடிச்சுடறான்."

நான் பிழையைத் திருத்தவில்லை. கருவியிலிருந்து சுருள்வில்லையே கழற்றிவிட்டேன். அதை அன்று சொல்லியிருக்கலாம். "சரி, எழுத்துத் தேர்வுக்கு எப்ப பதியறது?" என்றுதான் கேட்டேன். அம்மா முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "முதல்ல இந்த நாற்காலியைத் தூக்கிப் போடு" என்றார்.

நாற்காலி இல்லை, கணையம். மஞ்சள் கண்ணில் ஏறியதை அம்மாவே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தார். வயிற்றை ஸ்கேன் எடுத்த மறுநாள், அம்மா கருவி கழுவிய அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஓர் இளம் மருத்துவர் வந்தார். கதவைத் தட்டினார். பெயர் சொன்னார். நாற்காலியை இழுத்து, அம்மாவின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்ல முடியுமா?"

அம்மாவின் சுட்டுவிரல் போர்வைமேல் ஒருமுறை தட்டியது. எனக்குப் புரிந்தது. கெட்ட செய்தி சொல்வதற்கு நான் எழுதிக்கொடுத்த படிகளில் முதலாவது.

"நாங்க எதிர்பார்த்ததைவிட மோசமான செய்தி இருக்கு."

இரண்டாவது தட்டல். அவர் சொன்னார். நிறுத்தினார். நாங்கள் பேசும்வரை காத்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தினார். ஒரு படியையும் விடவில்லை. எல்லாம் என் தாளில் இருந்த வரிசை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போனதும் அம்மா சொன்னார், "நல்லாப் பண்ணான். நிச்சயமா பாஸ்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லல பாத்தியா?" என்றார்.

நான் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எழுதிக்கொடுத்த ஆறு வாக்கியங்களில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. சரியாயிடும்."

அம்மா என்னைப் பார்த்தார். மஞ்சள் கண்ணில் பழைய சிரிப்பு வந்தது.

"ஆதாரம் எங்கடி, இன்ஸ்பெக்டர்?"

கையை விடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம். தினமும் சொன்னேன். எண்ணவில்லை.