விரால் குழம்பு வைத்த நாள்

விரால் மீனை உயிரோடுதான் விற்பார்கள். பம்மலிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதது அல்ல. ஆனால் அன்று காலை மார்க்கெட்டில் நின்றபோது அது என் புத்தியில் ஏறவில்லை. அம்மாவின் வாயை மத்தியானம் வரைக்கும் எப்படி மூடி வைப்பது என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது.

அண்ணன் வருகிறார். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்து.

அண்ணன் புத்த பிக்கு. சிறு வயதில் அப்பாவோடு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். கை கால் எல்லாம் வெந்து போயிருக்கும். அந்தக் கையோடு ராத்திரி உட்கார்ந்து புத்தகம் படிப்பார். ஒரு நாள் சொல்லாமல் கிளம்பி வடக்கே போனார். இரண்டு வருஷம் கழித்து மொட்டைத் தலையும் காவித் துணியுமாகத் திரும்பி வந்து, கையில் பிச்சைப் பாத்திரத்தோடு எங்கள் வாசலில் நின்றார். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். உச்சி வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு அவர் போய்விட்டார். பிக்குகள் உச்சிப் பொழுதுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. அன்று அவர் பட்டினியாகத்தான் போயிருப்பார் என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனுக்கு உயிரான விரால் மீனையும் அதற்குப் பிறகு வீட்டில் சமைத்ததில்லை.

இப்போது அண்ணன் ஆந்திரா பக்கம் ஒரு சின்ன விகாரைக்குத் தலைவர். வருஷத்துக்கு ஒரு தடவை அஸ்தினாபுரத்தில் ஒரு ரிடையர்டு பேங்க் ஆபீசர் வீட்டு மாடியில் வந்து பேசுவார். காலனிக்காரர்கள் நிறைய பேர் வருவார்கள். பிக்குகளைக் கூப்பிடுகிற மரியாதைப்படி அவரை "பந்தே" என்று கூப்பிட்டுத் தரையில் விழுந்து கும்பிடுவார்கள். நானும் இரண்டொரு தடவை போய் மாடிப்படி ஓரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு நாலு பேர் நடுவில் உட்கார வராது.

அந்த வருஷம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா என்னிடம், "அவன ஒரு வாட்டி வரச் சொல்லு. என் கையால சோறு போட்டுடணும்" என்றாள்.

நான் போன் செய்தேன். வருகிறேன் என்றார் அண்ணன். அம்மா மீன் குழம்புதான் வைப்பாள் என்றேன். "மீன் சாப்பிடலாம். ஆனா எனக்காகன்னு கொன்னதா இருக்கக் கூடாது. நான் பாத்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, எனக்குச் சந்தேகமும் வரக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "சரி, நான் சொல்லல. நீயும் சொல்லாத" என்றாள். வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஐஸ் மீன போட்டு அனுப்ப சொல்றியா? விரால் வாங்கினு வா. துள்ளணும்" என்றாள்.

மீன்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா, வாயத் தொறக்காம நின்னுகினே கீற? வூட்ல மருமவன் விருந்தா?"

"அண்ணன்" என்றேன்.

"அண்ணனுக்கா? குட்த்து வெச்ச அண்ணன்!" என்று சொல்லி, தொட்டிக்குள் கையை விட்டு இருப்பதிலேயே பெரியதைப் பிடித்துக் கத்தியின் பின்பக்கத்தால் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். வெட்டி முடித்த பிறகும் வால் துண்டு துடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு முன்பே வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கோ டிராபிக். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தது. உட்காரச் சொன்னால் முறைத்தாள். கதவை விரியத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

பதினொன்றரைக்குப் பிறகு கார் வந்தது. அஸ்தினாபுரத்து ஆபீசர் சார்தான் ஓட்டி வந்தார். அண்ணன் இறங்கி வாசலில் நின்றார். முன்பு நின்ற அதே இடம். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா இப்டி எளச்சிக் கீற? உள்ள வா."

அண்ணன் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டார். நாம் எடுத்து அவர் பாத்திரத்தில் இட வேண்டும். இடாததை அவர் தொட மாட்டார். ஆபீசர் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"அம்மா, டைம் ரொம்ப குறைவா இருக்கு. பந்தே பன்னெண்டுக்குள்ள முடிக்கணும்" என்றார். பிறகு நல்ல மனதோடு, "வாசனை தெருமுனை வரைக்கும் வருதும்மா. என்ன மீன், எந்த மார்க்கெட்ல வாங்கினீங்க?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அசரவில்லை. "மீன்தான் சார். நீங்க சைவமாச்சே, உங்களுக்கு எது சொன்னா இன்னா?" என்று சிரித்துக்கொண்டே சட்டியைத் தூக்கி வந்தாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். இன்னும் அரை மணிகூட இல்லை, அதுவரை யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்.

அம்மா சோற்றுப் பானையைப் பக்கத்தில் வைத்தாள். முதலில் மீனைத்தான் எடுத்தாள். நடுத்துண்டு. கரண்டியில் ஏந்திப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோனாள்.

அண்ணனின் கை பாத்திரத்தை மூடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீசர் சாருக்கு எல்லா மீனும் ஒன்றுதான். அண்ணன் அப்படியா? உருண்டையான அந்தத் துண்டையும் கறுத்த தோலையும் பம்மலில் வளர்ந்த ஒருவரிடம் மறைக்க முடியுமா? விரால் என்று தெரிந்தால் போதும், வாங்குகிறவர் சொல்லித்தான் அதை அடித்திருப்பார்கள் என்று தெரிந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தோம்.

"விராலாம்மா?" என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே இறக்கவில்லை. குழம்பு சொட்டு சொட்டாக அண்ணனின் புறங்கையில் விழுந்தது. நல்ல சூடு. அவர் கையை எடுக்கவில்லை.

"ஆமா. அதுக்கு இன்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எப்போதும் பேசாதவள்தான். அன்றும் பேசவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வையில் என் தலை தானாகக் குனிந்துவிட்டது.

"இது எனக்கு வேணாம்மா. சோறு மட்டும் போடு."

"வெறும் சோறு போடவாடா உன்ன வரச் சொன்னேன்?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "உங்க புத்தரு ஒரு கொல்லன் வூட்ல போட்டத சாப்ட்டாரு இல்ல? அது ஒடம்புக்கு ஒத்துக்காம சாவப் போறப்பகூட, அந்தக் கொல்லன் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லி அனுப்சாரு இல்ல? இவதான் சொன்னா, நீ மாடியில சொன்னேன்னு. ஊருக்கெல்லாம் கத சொல்ற. பெத்தவ மனசு நோவலாமா?"

ஆபீசர் சார், "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு சார். இது எங்க வூட்டுப் பேச்சு."

வீட்டுக்கு மேலே ஏரோபிளேன் ஒன்று தாழ்வாக இறங்கிப் போனது. சத்தம் அடங்கும்வரை எல்லோரும் அப்படியே இருந்தோம்.

"எனக்காக ஒரு உயிர் போவணும்னு யாரும் நெனைக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. உன் மேல கோவம் இல்ல."

"பெத்தவ நெனைக்காம வேற யாருடா உன்ன நெனைப்பா?"

அண்ணன் தலை குனிந்துகொண்டார். அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். சட்டியை ஒரு கையிலும் சோற்றுப் பானையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு சமையல் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நானும் அண்ணனும் முன்பே கேட்டிருக்கிறோம். அன்று அவர் வெளியே, நான் உள்ளே. இன்று இரண்டு பேரும் ஒரே பக்கம்.

ஆபீசர் சார் தவித்தார். "பந்தே, கார்ல வாழைப்பழம் இருக்கு. எடுத்துட்டு வரேன். டைம் போயிட்டே இருக்கு."

"வேணாம் சார். அம்மா குடுத்தா சாப்பிடறேன்."

"குடுக்கலேன்னா?"

அண்ணன் பாத்திரத்தின் மேல் இருந்த கையை எடுத்துவிட்டார். புறங்கை சிவந்திருந்தது.

நான் எழுந்து போய்ச் சமையல் அறைக் கதவில் காதை வைத்தேன். உள்ளே அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. விரல் நகத்தால் கதவை மெதுவாகச் சுரண்டினேன். "அம்மா, நேரம் ஆவுது" என்று சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் திறந்தது.

அம்மாவின் கையில் ஒரு அலுமினியக் குண்டான் இருந்தது. முந்தின நாள் ராத்திரி மீந்த சோறு, தண்ணீர் ஊற்றி வைத்தது. காலையில் அம்மா தினமும் சாப்பிடுவது. அன்று பரபரப்பில் அவள் அதைத் தொடவே இல்லை. இன்னொரு கையில் உரித்த சின்ன வெங்காயம்.

அண்ணன் எதிரே வந்து, கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள்.

"இது உனக்குன்னு செஞ்சதில்ல. எனக்கு வெச்சிருந்தது. யாரும் உன்ன நெனச்சி வடிக்கல. இதுக்கும் ஏதாவது சட்டம் கீதா?"

"இல்லம்மா."

"புடி."

பழைய சோற்றைக் கையால் அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். நீராகாரத்தை ஊற்றினாள். வெங்காயத்தையும் போட்டாள். அண்ணன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ஆபீசர் சார் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி வாய் நீரையும் குடித்துவிட்டு அண்ணன் பாத்திரத்தைக் கீழே வைத்தபோது இன்னும் பன்னிரண்டு அடிக்கவில்லை.

"இப்ப அந்தக் கொழம்ப யாருடா தின்றது?" என்றாள் அம்மா. குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"நீ சாப்பிடும்மா. நீ இன்னும் எதுவும் சாப்பிடல."

"நீ பாத்துகினு இருப்ப, நான் தின்னணுமா?"

"பாத்துகினு இருக்கேன்" என்றார் அண்ணன். மாடியில் பேசுகிற பேச்சு இல்லை, எங்கள் தெருப் பேச்சு.

நான் தட்டு வைத்தேன். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். அந்த நடுத்துண்டை வைத்தேன். அம்மா தட்டைப் பார்த்தபடி வெகு நேரம் இருந்தாள். பிறகு துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள். கண்ணில் நீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

"முள்ளு பாத்தும்மா" என்றார் அண்ணன்.

அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"விரால்ல ஏதுடா அத்தினி முள்ளு? அதுகூடவா மறந்து பூட்ச்சி?"

அண்ணன் சிரித்தார். அம்மா அடுத்த வாயை எடுத்தாள். வாசல் கதவு, முட்டுக் கொடுத்த குழவியோடு, அப்படியே திறந்து கிடந்தது.