விரத நாளில் கடல்நாய்ச் சூப்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டேன்.

"எங்கை வெளிக்கிடுறீர்?" என்று கணவர் கேட்டார்.

"கிரீன்லாந்து ஆக்களின்ரை கூட்டத்துக்கு."

"அதுக்கேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீர்? குரொன்லான்ட் ஸ்ரேசனிலை இறங்கினால் சரிதானே!"

நோர்வே மொழியில் அந்த நாட்டுக்கும், ஒஸ்லோவில் நாங்கள் மரக்கறி வாங்கப் போகிற இடத்துக்கும் ஒரே பெயர். கூட்டமும் அங்கேதான். மோர்டென்ஸ்ருட்டிலிருந்து நிலக்கீழ் ரயிலில் இருபது நிமிடம் போல. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் கிரீன்லாந்து இனுயிட் பெண் இவாலுவை நினைத்துத்தான் பயம். ஒஸ்லோவில் இருக்கிற அவளுடைய ஆட்கள் மாதத்தில் ஒரு வெள்ளி கூடிச் சாப்பிட்டுவிட்டு, தங்கள் பிரச்சினைகளைக் கதைப்பார்கள். அதை நடத்திவந்த மாலியா கிரீன்லாந்துக்கே திரும்பிப் போகிறார். இவாலு பொறுப்பெடுக்காவிட்டால் கூட்டம் இன்றோடு முடிந்தது. போன முறை பேச எழும்பியவள் வாய் வராமல் அழுதுகொண்டு ஓடிவிட்டாளாம். "அக்கா, நீங்கள் வந்து இருந்தால் காணும்" என்றாள். தமிழில் அக்கா என்ற சொல்லை மட்டும் என்னிடமிருந்து பிடித்திருந்தாள்.

நாலே முக்காலுக்கு, நாற்பது குரோனருக்கு வாங்கிய திராட்சைப்பழத்தோடு மண்டபத்துக்குள் போனேன். முப்பது பேரளவில் இருந்தார்கள். நடுவில் பெரிய பானை. இவாலு தூரத்தில் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மாலியா அகப்பையோடு வந்து தங்கள் மொழியில் என்னிடம் ஏதோ கேட்டார். விளங்காமல் புருவத்தை உயர்த்தினேன். எங்களுக்கு அது "என்ன?" என்ற கேள்வி. அவரோ சந்தோஷமாகக் கோப்பை நிறைய ஊற்றிவிட்டார். கடல்நாய் இறைச்சிச் சூப்! வெள்ளிக்கிழமையில் நான் மச்சமாமிசம் தொடுவதில்லை.

விருந்தாளி தொடங்கட்டும் என்று எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். வேண்டாமென்றால் இவாலுவுக்கு அவமானம். குடித்தால் முருகனுக்கு என்ன சொல்வேன்?

"பொறுங்கோ!"

இவாலுதான். நோர்வே மொழியில், எனக்கும் விளங்கும்படி கத்தினாள். "அக்கா ஓம் எண்டு சொல்லேல்லை. புருவத்தை உயர்த்தினால் எங்களுக்குத்தான் ஓம். தமிழ் ஆக்களுக்கு அது கேள்வி. அவ இண்டைக்கு விரதம்!"

மண்டபமே சிரித்தது. "மூக்கைச் சுருக்கியிருக்கலாமே, எங்களுக்கு அதுதான் வேண்டாம்" என்று மாலியா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இவாலு நின்றபடியே தொடர்ந்தாள். "நான் இஞ்சை வந்த புதிசிலை ஆஸ்பத்திரியிலை நோகுதோ எண்டு கேட்டினம். புருவத்தாலை ஓம் எண்டனான். அவைக்கு விளங்கேல்லை. ஒரு குளிசையும் தராமல் அனுப்பிவிட்டினம். மூண்டு நாள் வீட்டிலை கிடந்து துடிச்சனான்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"இனி எங்கடை ஆக்கள் ஒருத்தரும் தனியப் போக வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கோ."

"நீ ரெலிபோனே எடுக்கிறேல்லையே!" என்றார் ஒருவர்.

"இனி எடுப்பன்."

இந்த முறை அவள் அழவில்லை. மாலியா மண்டபக் கதவின் திறப்பை அவள் கையில் வைத்தார். பிறகுதான் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் பாணும் திராட்சையும் சாப்பிட்டேன்.

ஏழு மணி ரயிலில் எங்கள் கோவிலை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கேயும் நூறு பேர் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். கை கழுவியதும் கலைந்துவிடுவோம். பொதுக்கூட்டத்தில் ஆம்பிளைகள்தான் கதைப்பார்கள். மடப்பள்ளித் தரையில் இரண்டு பெண்கள் வழுக்கி விழுந்தும், சமைக்கிற நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இந்த ஞாயிறு பொதுக்கூட்டம் இருக்கிறது. நான் எழும்பிக் கதைக்க வேண்டும். முருகா, தரை என்ற சொல்லையாவது என் வாயிலிருந்து வரவழைத்துவிடு.