மச்சான் கொடுத்த பெட்டிக்கு ஒரு கார்டு

அலுவலகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். கதவு வைக்கிற இடத்தை ஒரு தடவை அளந்தால் மனசு ஆறாது, இன்னும் இரண்டு தடவை டேப்பை இழுப்பார். கட்டட வரைபடம் போடுவது அவர் வேலை. போடுவது மனைவியின் அண்ணன் நடத்தும் கட்டட நிறுவனத்தில். முன்பு இருந்த கம்பெனியை இழுத்து மூடியபோது மச்சான்தான் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம வீட்டு மாப்பிள்ளை" என்றுதான் அறிமுகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு மாப்பிள்ளை லீவு கேட்க முடியாது, சம்பளத்துக்குச் சண்டை போட முடியாது, வேலையை விடுகிறேன் என்று வாயைத் திறக்கவே முடியாது. ஒரே வீட்டுப் படத்தை இடம் வலம் மாற்றி வரைந்து வரைந்து மனிதருக்கு வெறுத்துப்போயிற்று.

அப்போதுதான் வேறொரு நிறுவனம் ஆள் தேடுவது தெரிந்தது. வீட்டில் இருந்தபடியே வேலை, சொந்தமாக வடிவமைக்கும் வேலை. பரீட்சையாக ஒரு வீட்டை வடிவமைத்து, அதற்குள் நடந்துபோவது போல ஒரு வீடியோ செய்து, ஓரத்தில் அவர்கள் பெயரையும் போட்டு, திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பவேண்டும். தேறிவிட்டால் மச்சானிடம் சொல்ல ஒரு காரணமாவது கையில் இருக்கும். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அடுப்பை அணைப்பதற்குள் செய்தி அங்கே போய்விடும். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தார். அந்தப் பாவி மனுஷன் அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரும் மச்சான் கொடுத்ததுதான். அலமாரியில் செருகிவைக்கக்கூடிய ஒல்லிப் பெட்டி. வீடியோ செய்ய அதற்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பவர் சப்ளை சரியான நோஞ்சான், இருநூற்று இருபது வாட். பெரியதாக மாற்றலாம் என்றால் அதன் வடிவமே தனி, கடையில் விற்கும் எதுவும் அந்த இடத்தில் உட்காராது. கார்டுக்கென்று தனி மின்வயரும் அதிலிருந்து வரவில்லை. ஆக, கார்டைச் செருகும் இடத்தில் என்ன மின்சாரம் வருமோ, அந்த எழுபத்தைந்து வாட்டிலேயே அது காலம் தள்ளவேண்டும். தன்னைப் போலவே என்று நினைத்து மில்லிமீட்டர் கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

கடைக்காரர் இரண்டு விசிறி வைத்த தடியன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். தனி வயர் இல்லையே என்றதற்கு, ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து பிரித்துக் கொடுத்துவிடலாம், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார். மில்லிமீட்டர் மசிவாரா? வயர் உருகினால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு டேப்பை விரித்தார். அலமாரியை முக்கால்வாசி கலைத்தபிறகு, மற்ற கார்டுகளில் பாதி உயரமே உள்ள, ஒற்றை விசிறியோடு, தனி வயரே கேட்காத ஒரு குட்டிக் கார்டு அகப்பட்டது.

"இது கொஞ்சம் மெதுவாத்தான் செய்யும் சார்."

"செய்யட்டும். நடுவுல நின்னுடாதுல்ல?"

நிற்கவில்லை. ஞாயிறு மதியம், அவர் வரைந்த வீட்டின் ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுகிற இடம்வரை படம் படமாக உருவாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலிங்பெல் அடித்தது. மச்சான். பின்னால் டிரைவர், தூக்கமுடியாமல் ஒரு பெரிய பெட்டியோடு. மில்லிமீட்டர் அவசரமாகத் திரையை மட்டும் அணைத்தார்.

"ஏங்க, மெதுவா இருக்குன்னு கஷ்டப்பட்டீங்கல்ல, நான்தான் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்," என்றாள் மனைவி. முகமெல்லாம் பூரிப்பு. அவளைக் கோபித்துக்கொள்ள ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை அவருக்கு.

மச்சான் உட்கார்ந்து விளக்கினார். புது மெஷின், எவ்வளவு பெரிய கார்டையும் தாங்கும் பவர் சப்ளை. இனி ஆபீஸ் வேலையை ராத்திரி, லீவு நாள் என்று பார்க்காமல் வீட்டிலிருந்தே செய்யலாம், அலைச்சல் மிச்சம். பழையதை ரிசப்ஷனில் வைத்துக்கொள்வாராம். டிரைவர் அதற்குள் மேஜைக்கடியில் குனிந்துவிட்டார்.

"பழசை நாளைக்கு நானே கொண்டு வர்றேனே மச்சான்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்? கார் கீழதான் நிக்குது."

மேஜைக்கடியில் குட்டிக் கார்டின் விசிறி சுற்றும் சத்தம் மில்லிமீட்டருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையைப் போட்டால் போதும், அந்த நிறுவனத்தின் பெயர் ஓரத்தில் பளிச்சென்று நிற்கும்.

மச்சான் எதையோ நினைத்துக்கொண்டவராக டிரைவரை நிறுத்தினார். மனிதர் நல்லவர்தான், அதுதான் தொல்லை.

"இதுல உங்களுது ஏதாவது இருக்கா மாப்ள? இருந்தா சொல்லுங்க, புதுசுல மாத்திடலாம். நானும் கூட இருந்து பாத்துட்டே போறேன்."

மனைவியும் மச்சானும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல மச்சான்," என்றார்.

டிரைவர் பிளக்கைப் பிடுங்கினார்.