ரெண்டு கண்ணி கூடுதல்

மோட்டார் சைக்கிள் செயின் கூடிவிட்டால் வெட்டிக் குறைக்கலாம். குறைந்துவிட்டால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் இந்தத் தொழில். கொடகவெல கடைவீதியில் பதினேழு வருஷம் தனியாகக் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்மாரே, உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

முதல் வெட்டு

எங்கள் பக்கத்து ரப்பர், தேயிலைத் தோட்டப் பாதைகள் எல்லாம் ஏற்றம். பைக்கோடு வந்த பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அதனால் பின்னால் பெரிய பல்சக்கரம் போடச் சொல்லி வருவார்கள். நாலு பல் கூட்டினால் செயினிலும் ரெண்டு கண்ணி கூட்டவேண்டும். கடை திறந்த வாரத்தில் இந்த ஞானம் எனக்கு வந்திருக்கவில்லை.

தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்கும் முஸ்லிம் நானா ஒருவர்தான் முதலில் மாட்டினார். பெரிய சக்கரத்தைப் பூட்டினேன். புதுச் செயினைப் பழைய செயினுக்குப் பக்கத்தில் நீட்டி, அதே அளவுக்கு வெட்டினேன். மாட்டப் போனால் இரண்டு முனையும் எட்டவில்லை. டயர் பூட்டிய பின்சில்லை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், எஞ்சினைக் கெஞ்சியும் பார்த்தேன். நானா துணி மூட்டையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்க துணிய ரெண்டு தரம் அளந்துட்டு வெட்டுற தம்பி, நீங்க வெட்டிட்டு அளக்கிறீங்க."

ஒற்றைப்படை

அதன்பிறகு செயினை இரண்டு பல்சக்கரத்திலும் சுற்றி, முனை சேரும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுத்தான் வெட்டுவேன். கோடு நூற்றைந்தாம் கண்ணியில் விழுந்தால் நூற்றாறுக்குப் போகவேண்டும். உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வருவதால் ஒற்றைப்படையில் செயின் பூட்டுப்படாது.

இதை ரப்பர் தோட்டத்துக் கங்காணி ஒருவருக்கு விளக்கினேன். அவர் பதிலுக்கு என்னை விசாரித்தார். சொந்த இடம் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டம், அப்பா அம்மா இல்லை, கடைக்குப் பின்னால் ஒரு அறை, சமையலும் நானே என்றேன். அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் கேட்டது இதுதான்: "செயினுக்கே ஜோடி கேக்குறீங்க தம்பி, நீங்க எப்புடி ஒத்தையில ஓடுறீங்க?"

வேலை சுத்தம்

கை தேறியது. செயின் கழன்றதென்று யாரும் திரும்பி வரவில்லை. அங்கேதான் வில்லங்கம். கடைவீதியில் நாள் முழுக்கச் சிங்களம்தான். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தமிழில் நாலு வார்த்தை பேச எனக்குத் தோட்டத்திலிருந்து வருகிற ஆட்கள்தான் உண்டு. அவர்கள் பைக்கை நான் ஒழுங்காகச் செய்துகொடுத்தால் அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? பால் லொறிக்காரத் தம்பி ஒருவன் வாரம் தவறாமல் வந்து அரட்டை அடிப்பான். அவன் பைக்குக்குச் செயின் மாற்றிக்கொடுத்த பிறகு கடைக்கு முன்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவதோடு சரி. ஒருநாள் போகிற வேகத்திலேயே கத்தினான்: "நல்லா ஓடுது பாஸ், இனி ஒங்க பக்கம் வர்ற வேலையே இல்ல!"

டாக்டர் ஐயா

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை எல்லாரும் டாக்டர் ஐயா என்பார்கள். பல்சக்கரம் மாற்ற வந்தவர், பலகைப் பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மகள் எழுதிய கடிதத்தைப் பற்றி, இருமலுக்குக் கொடுத்த மருந்தைத் தலையில் தேய்த்துக்கொண்ட கிழவரைப் பற்றி, எல்லாம் பேசினார். நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். அப்படி யாரும் கேட்டு எத்தனை நாளோ. சாக்கட்டிக் கோடு நூற்றாறில் விழுந்தது. நான் நூற்றெட்டில் வெட்டினேன். தெரிந்தேதான் செய்தேன். பின்சில்லைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்தால்தான் செயின் நின்றது. புதுச் செயின் கொஞ்சம் நீண்டதும் தொய்யும், இறுக்க இடமிருக்காது, ஐயா பெட்டியில் வந்து உட்காருவார் என்பது என் கணக்கு.

மூன்றாம் வாரம் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் சேறு. தோட்டத்து மேல் பிரிவில், லயத்து வீடொன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலென்று ஆள் வந்து, இவர் கிளம்பி, ஏற்றத்தில் செயின் கழன்று, மருந்துப் பையோடு மிச்சத் தூரத்தை ஓடியிருக்கிறார். மருத்துவச்சி அம்மா சமாளித்துக்கொண்டிருந்ததால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதில் என் புண்ணியம் ஒன்றுமில்லை. ஐயா என்னைச் சந்தேகப்படவே இல்லை. புதுச் செயினைத்தான் திட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. ரெண்டு கண்ணியை வேண்டுமென்றே விட்டது நான்தான், நீங்க திரும்பி வரணும்னு விட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ரெண்டு கண்ணியையும் வெட்டி எடுத்து, சில்லை நேர்பார்த்து இறுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பெட்டியை நகர்த்திக் கொடுத்தேன், உட்காரவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: "பேச ஆள் வேணும்னா சும்மா வாங்கய்யான்னு சொல்லியிருக்கலாமே தம்பி, செயின் நல்லா இருந்தாலும் நான் வந்திருப்பேனே."

எந்தப் பல்சக்கரத்துக்கு எத்தனை கண்ணி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஒரு மனுஷரை வேலையில்லாமல் "வாங்க" என்று கூப்பிடுவதற்கு மட்டும் இன்னும் எனக்குக் கை பழகவில்லை.