தலையணை உறையில் ஒரு ஜன்னல்

ஈரோட்டில் ஒரு கல்லூரியில் ஏழு வருஷம் கணக்குப் பாடம் நடத்திய நாகமணி, 1993-இல் ஹூஸ்டனில் வந்து இறங்கிய அன்றே வேலையில்லாதவள் ஆனாள். கம்ப்யூட்டர் வேலையும் அதற்கான விசாவும் கணவர் சேனாபதிக்கு. மனைவிக்குக் கொடுத்த விசாவில் சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. “ஆன்ட்டி, நீங்க என்ன பண்றீங்க?” என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் ஒரு சின்ன ஓவிய மியூசியத்துக்குச் சம்பளமில்லாத வழிகாட்டிகள் தேவை என்ற நோட்டீஸ் கண்ணில் பட்டது. சம்பளம் இல்லையென்றால் விசா குறுக்கே வராது. படமெல்லாம் பார்த்துப் பழக்கமில்லையே என்று சேனாபதி இழுத்தார். பாடம் நடத்திப் பழக்கமிருக்கிறது என்று சொல்லி விண்ணப்பம் போட்டாள்.

தேர்வுக்கு வந்த ஆறு பேருக்கும் விளக்கிப் பேசக் கொடுத்தது ஒரே ஓவியரை, ஹெட்விக் ஆஷ்லிமன் என்ற சுவிட்சர்லாந்துக்காரி. இருபத்து மூன்று வயதுக்குள் இரண்டு கண்காட்சி வைத்துப் பெயர் வாங்கியவள். 1931-இல் கல்யாணம். அதற்கப்புறம் 1957 வரைக்கும் மியூசியம் கொடுத்த கையேட்டில் ‘குடும்ப வாழ்க்கை’ என்று ஒரே வரி. அந்த நாட்டில் அப்போது மனைவி வேலைக்குப் போகப் புருஷன் சம்மதிக்க வேண்டும். ஓவியப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க அழைப்பு வந்தபோது அந்த மகராசன் கையெழுத்துப் போடவில்லை. அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் பரிசு, புகழ் எல்லாம்.

மற்ற ஐந்து பேரும் அவளுடைய பிற்காலத்துப் பெரிய படங்களின் முன்னால் நின்று வெளிச்சம், வண்ணம் என்று விளாசினார்கள். நாகமணி எல்லாரையும் மூலையிலிருந்த ஒரு சின்னப் படத்துக்கு அழைத்துப் போனாள். சமையலறை ஜன்னலும் ஒரு பால் பாத்திரமும். துணியின் ஓரத்தில் மடித்துத் தைத்த தையலும் மூன்று பொத்தான் துளைகளும் தெரிந்தன. இது தலையணை உறை என்றாள்.

“கீழே 1944 என்று போட்டிருக்கிறாள். இந்த இருபத்தாறு வருஷமும் அவள் வேலை செய்துகொண்டுதான் இருந்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை.”

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வகுப்பில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மியூசியத்தின் தலைவி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்களை விளக்க ஓர் ஆசிரியர் வேண்டும், அடுத்த மாதமே சேரலாம், சம்பளம் உண்டு என்று ஒரு படிவத்தை நீட்டினாள். நாகமணி பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் மடமடவென்று எழுதினாள். இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்ற கேள்வி வந்ததும் பேனா நின்றது. ‘இல்லை’ என்ற கட்டத்தில் தானே டிக் அடித்தாள். தலைவி பாவம், படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அப்படியென்றால் வழிகாட்டியாகவாவது வர முடியுமா என்றாள். வாரம் மூன்று நாள் வருவதாகச் சொல்லிவிட்டு நாகமணி எழுந்தாள்.

காரில் காத்திருந்த சேனாபதி விஷயத்தைக் கேட்டு நொந்துபோனார். க்ரீன் கார்டு வர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ அவருக்கே தெரியாது.

“நான் ஏதாச்சும் லெட்டர் எழுதித் தரட்டுமா மணி? எங்க சைன் பண்ணோணும்னாலும் பண்றேன்.”

“உங்க கையெழுத்து போதுமுன்னா இன்னைக்கே சேந்திருப்பனுங்க,” என்றாள் நாகமணி.